முதல் கிழமைகளில் பத்திரிகைக்கும் ஒரு வேலை இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

எமது பத்திரிகைகளில் மனநோய் இரண்டு இடங்களில்தான் தலைகாட்டுகிறது. "மனநலம் பாதிக்கப்பட்டவர் எனத் தெரிவிக்கப்படும் இளைஞர்" கத்தியோடோ கிணற்றோடோ வரும் உள்ளூர்ச் செய்தி ஒன்று. மனச்சிதைவுக்கு (ஸ்கிசோபிரினியா) அமெரிக்காவில் புதுக் குளிசை வந்துவிட்டது என்று உலகச் செய்திப் பக்கத்தில் வரும் நாலு வரி மற்றது. ஒரு பிள்ளை மாறத் தொடங்கிய நாளுக்கும் அது முதல் குளிசை விழுங்கும் நாளுக்கும் இடையிலுள்ள காலத்தைப் பற்றி எந்தப் பக்கத்திலும் எதுவும் வருவதில்லை. வைத்தியமும் குடும்பமும் சேர்ந்து நோயின் போக்கில் கைவைக்கக்கூடிய காலம் அதுதான். மாதம் ஒரு தடவை அரைப்பத்தி இடம் தாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். சும்மா கேட்கவில்லை, கணக்கோடு கேட்கிறோம்.

நோர்வேயின் மேற்குக் கரையில் ரோகலாண்ட் என்றொரு மாவட்டம். இல்லாத குரல் கேட்டு, இல்லாததை நம்பி, நிசத்தோடு தொடர்பு அறுந்துபோகும் சைக்கோசிஸ் எனப்படும் உளமாய நோயின் முதல் அறிகுறிகளை 1997 தொடக்கம் 2000 வரை அங்கு பத்திரிகையிலும் வானொலியிலும் திரையரங்கிலும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பாடசாலைகளுக்கும் குடும்ப வைத்தியர்களுக்கும் தனியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். யாரும் நேரே அழைக்கக்கூடிய ஒரு குழுவை வைத்தார்கள். தாயும் அழைக்கலாம், வகுப்பாசிரியரும் அழைக்கலாம். இந்த ஏற்பாடு இல்லாத ஒஸ்லோ, டென்மார்க் பகுதிகளில் நோயாளரில் பாதிப்பேருக்குச் சிகிச்சை தொடங்க 16 கிழமைக்கு மேல் எடுத்தது. ரோகலாண்டில் அந்த நடுக்கணக்கு 5 கிழமை. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, முழுமையாகத் தேறி வேலையும் வாழ்க்கையுமாக இருந்தவர்கள் ரோகலாண்டில் நூற்றுக்கு 31 பேர், மற்றப் பகுதிகளில் 15 பேர். பிறகு விளம்பரங்களை நிறுத்தினார்கள். குழு அப்படியே இருந்தது, வைத்தியசாலையும் இருந்தது. தாமதம் மட்டும் 15 கிழமைக்குத் திரும்பிப் போனது.

எண்ணெய்க் காசு புரளும் நாட்டை எங்களோடு ஒப்பிடலாமா என்று கேட்பது நியாயம். ஆனால் அங்கே நின்றுபோனது விளம்பரப் பகுதிதான், இங்கே நாங்கள் கேட்பதும் ஒரு அரைப்பத்திதான்.

இன்னொரு நியாயமான கேள்வியும் உண்டு. தாமதித்து வருபவர்களின் நிலை மோசமாக இருப்பதற்குத் தாமதம்தான் காரணமா? மெல்ல மெல்ல, ஓசைப்படாமல் தொடங்கும் வகை நோய் இயல்பிலேயே பிடிவாதமானது. அதை வீட்டார் கண்டுபிடிப்பதும் பிந்தித்தான். ஆகவே இரண்டும் சேர்ந்தே காணப்படும். ஆய்வாளர்கள் இதைப்பற்றி இன்னும் வாதாடுகிறார்கள். அந்த வாதம் எப்படி முடிந்தாலும், சிகிச்சையில்லாமல் போகும் கிழமைகளில் உயர்தரப் பரீட்சை தவறுகிறது, வேலை போகிறது, நகை அடகுக்குப் போகிறது, சில வீடுகளில் பிள்ளை கட்டிலோடு கட்டப்படுகிறது. இவற்றுக்குப் புள்ளிவிபரம் தேவையில்லை. வன்னிச் சனம் படிப்பறிவில்லாமல் பரியாரியிடமும் கோயிலிடமும் போய்த் தாமதிக்கிறது என்று எழுதுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 21 மாநிலங்களில் 34 சிகிச்சை நிலையங்களில் 404 பேரை வைத்து நடந்த ஆய்வில் அந்த நடுக்கணக்கு 74 கிழமை. அந்த எல்லைக்குள் வந்தவர்களுக்குத்தான் மருந்தோடு குடும்ப ஆலோசனையும் படிப்பு, வேலை உதவியும் சேர்ந்த புதிய கூட்டுச் சிகிச்சையின் பலன் கூடுதலாகக் கிடைத்தது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 1944-45 குளிர்காலத்தில் ஜேர்மன் படை உணவை மறித்தபோது ஒல்லாந்தின் மேற்கு நகரங்கள் பட்டினி கிடந்தன. அந்தப் பட்டினியின் உச்சத்தில் கருவில் உருவானவர்களிடம், அவர்கள் வளர்ந்தபின், உளமாய நோய்களில் ஒன்றான மனச்சிதைவு ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது. சீனாவில் 1959-61 பஞ்சத்துக்குப் பிறகும் இதே போக்கைக் கண்டார்கள். 2008 கடைசியிலும் 2009 முதல் மாதங்களிலும், இறுதிப் போரின் உணவுத் தட்டுப்பாட்டுக்குள், வன்னியில் கருவாகிய பிள்ளைகள் இப்போது சாதாரண தரம், உயர்தரம் எழுதும் வயதில் நிற்கிறார்கள். இந்நோய் பெரும்பாலும் தலைதூக்குவது பதின்வயதின் பின்பகுதியிலும் இருபதுகளிலும். பெற்றோர் இதை வாசித்துக் கலங்கத் தேவையில்லை. நூற்றில் ஒருவர் அளவில் வரும் நோய் இரு மடங்கானாலும் நூற்றில் 98 பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. ஒல்லாந்துக் கணக்கு இங்கு அப்படியே பொருந்தும் என்றும் யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாவட்டத்தின் உளநலப் பிரிவு ஆயத்தமாக இருப்பதற்கு இது போதுமான காரணம்.

அரைப்பத்தியில் என்ன போடுவது? அறிகுறிகளைப் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலப் போட்டால் ஒருவரும் தங்கள் பிள்ளையை அதில் அடையாளம் காணமாட்டார்கள். வீட்டில் தெரிவது வேறு. பகலில் படுத்து இரவில் முற்றத்தில் நடப்பது. ரியூசனை விடுவது, குளிப்பை விடுவது. வானொலியில் தன்னைப்பற்றிக் கதைக்கிறார்கள் என்பது. அம்மா போட்ட சோற்றை அம்மா முதலில் சாப்பிட்டுக் காட்டவேண்டும் என்பது. தனியே சிரிப்பது, கேட்டால் சீறுவது. ஒன்று இருந்தால் ஒன்றுமில்லை. மூன்று நாலு சேர்ந்து, இரண்டு கிழமையாகியும் விடாமல், படிப்பையோ வேலையையோ விழுத்திவிட்டால்தான் வைத்தியரிடம் போகவேண்டும்.

வன்னியில் இரண்டு விடயங்களில் கவனம் தேவை. "என்னைப் பின்தொடருகினம்" என்று ஒருவர் சொன்னால் வேறு ஊர் வைத்தியர் உடனே அதை நோய் என்று எழுதிவிடுவார். இங்கே உண்மையாகவே பின்தொடரப்பட்டவர்கள், வீட்டுக்கு ஆள் வந்து விசாரிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எனவே என்ன சொல்கிறார் என்பதைவிட அது எப்படித் தெரியும் என்று கேட்கவேண்டும். "மோட்டார் சைக்கிளில் வந்தவர் பெயர் கேட்டவர்" என்பது ஒன்று. "சைக்கிள் மணி மூன்று தரம் அடிச்சது, அது எனக்கான சைகை" என்பது வேறொன்று. அதேபோல, காணாமற்போன மகன் படலையில் நின்று "அம்மா" என்று கூப்பிடுவது கேட்கிறது என்று சொல்லும் தாய்க்கு அதனால் மட்டும் உளமாய நோய் இல்லை. இழந்தவரின் குரலைக் கேட்பது துயரத்தில் எங்கும் காணப்படுவது. அந்தத் தாய்க்குக் குளிசை கொடுத்து அனுப்புவது வைத்தியம் ஆகாது.

வேறு சில நிலைகளுக்கு இரண்டு கிழமை பார்த்திருக்கவே கூடாது. காய்ச்சலோடு பிதற்றல், வலிப்பு, காலையில் தெளிவு மாலையில் குழப்பம் என்று மாறிமாறி வருவது: இவை மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். நெடுநாள் குடித்த கசிப்புச் சாராயத்தை நிறுத்தி இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் பூச்சி ஊருவதாகக் காண்பதும் வந்தால் அதுவும் அவசரமே. இவர்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் ஊசி போடாவிட்டால் மூளை நிரந்தரமாகப் பழுதாகலாம். பிள்ளை பெற்று முதல் சில கிழமைகளுக்குள் தாய் நித்திரையில்லாமல் மாறிக் கதைத்தால் குடும்பநல உத்தியோகத்தருக்கு அன்றே சொல்லவேண்டும். ஐஸ், கஞ்சா போன்ற போதைப்பொருள் பாவித்தாரா என்று கேட்பது பிடித்துக் கொடுப்பதற்காக அல்ல. மறைத்தால் வைத்தியர் பிழையான பாதையில் போவார். தலையில் ஷெல்பீஸ் (எறிகணைத் துண்டு) இருந்தால், சின்ன வயதில் பட்டதென்றாலும், கட்டாயம் சொல்லவேண்டும். அதனால் வரும் வலிப்புகூட உளமாய நோய்போலத் தோன்றும். எம்.ஆர்.ஐ. காந்தம் சில உலோகத் துண்டுகளை அசைத்துவிடும், ஆகவே முதலில் எக்ஸ்ரே அல்லது சி.ரி. எடுக்கவேண்டும்.

வைத்தியம் தொடங்கியபின் குடும்பம் விலகுவது பெரும்பாலும் முதல் மாதத்தில். என்ன நடக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததே அதற்குக் காரணம். முதல்முறை நோய்வாய்ப்பட்டவரின் உடல் உளமாய நோய்க்கான மருந்துகளுக்கு எளிதில் இணங்கும். அவற்றில் ஒன்றான ரிஸ்பெரிடோன் 1 மி.கி. இரவில் தொடங்கி 2 மி.கி.க்கு ஏற்றினாலே பலருக்குப் போதும், 4 மி.கி.யைத் தாண்டவேண்டி வருவது குறைவு. முதல் நாட்களில் நித்திரை சீராகும். பயம் ஒன்றிரண்டு கிழமையில் தணியத் தொடங்கும். காதில் கேட்கும் குரல் அடங்க நாலு முதல் ஆறு கிழமையும் செல்லலாம். பத்தாம் நாளில் "இன்னும் கேக்குது" என்பதற்காக மருந்தை மாற்றக் கேட்பதும் நிறுத்துவதும் பிழை.

முதல் சில நாட்களுக்குள் கழுத்து ஒருபக்கம் இழுத்துக்கொள்ளலாம், கண் மேலே செருகலாம், நாக்கு தடிக்கலாம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். பேய் திரும்பி வந்துவிட்டதென்று ஆளைக் கோயிலுக்குக் கொண்டுபோவதும் இந்த நேரத்தில்தான். இது மருந்தின் பக்கவிளைவு. கிட்டிய வைத்தியசாலையில் போடும் ஒரு ஊசியில் அரைமணி நேரத்துக்குள் இளகிவிடும். இதற்குத் தரும் பென்செக்சோல் 2 மி.கி. குளிசையைக் காலையில் கொடுக்கவேண்டும், இரவில் கொடுத்தால் நித்திரை குழம்பும். அதை வருடக்கணக்கில் தொடரவும் கூடாது. மலச்சிக்கலும் மறதியும் தரும். இன்னொன்று இருக்கிறது, வைத்தியர்களே சில வேளை தவறவிடுவது. ஆள் இருக்கமாட்டார், எழும்புவார், நடப்பார், நின்றபடி கால் மாற்றுவார். நோய் கூடிவிட்டது என்று அளவை ஏற்றினால் நடை இன்னும் கூடும். "மனம் பதறுதா, கால் பதறுதா?" என்று ஒரு கேள்வி கேட்டால் பலர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். கால் என்றால் அளவைக் குறைக்கவேண்டும். கடும் காய்ச்சலும் உடல் மரக்கட்டைபோல் விறைப்பும் சேர்ந்து வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும்.

இவ்வகையில் இன்னொரு மருந்தான ஒலன்சபின் எடுப்பவர்களுக்கு நிறை வேகமாக ஏறும். முதல் நாளே நிறை, இடுப்புச் சுற்றளவு, வெறுவயிற்றுக் குருதிச் சீனி எடுத்துக் கிளினிக் கொப்பியில் எழுதி, மூன்றாம் மாதம் திரும்ப எடுக்கவேண்டும். இந்நோயாளர் மற்றவர்களைவிட முந்தி இறப்பதற்கு மாரடைப்பும் நீரிழிவும் பெரும் பங்கு. முதல் வருடம் தற்கொலை ஆபத்தும் கூடியது. பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினிப் போத்தலை வீட்டில் வைக்காமல் அயல்வீட்டில் பூட்டிவைப்பது நாளைக்கே செய்யக்கூடிய காரியம்.

குளிசை எடுக்கத் தவறுபவர்களுக்குப் புளூபெனசீன் ஊசி உண்டு. மருந்து நல்லெண்ணெயில் கரைந்திருக்கும், முதலில் 12.5 மி.கி. போட்டுப் பார்த்து, பிறகு பெரும்பாலும் 25 மி.கி., இரண்டு முதல் நாலு கிழமைக்கு ஒருமுறை, இடுப்புத் தசையில் ஆழமாக. காலபோக நெல் அரிவு வெட்டு நாளும் கிளினிக் நாளும் மோதினால் வெட்டுத்தான் வெல்லும், அதைக் குறைசொல்ல முடியாது. ஊசி தவறிய அடுத்த நாளோ அடுத்த கிழமையோ ஒன்றும் நடக்காது. தசையிலுள்ள எண்ணெயிலிருந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். "ஊசி இல்லாமலே சுகமாத்தானே இருக்கிறான்" என்று வீடு முடிவுகட்டும். சில மாதம் கழித்து நோய் திரும்பும்போது, தவறிய ஊசியையும் வந்த நோயையும் யாரும் முடிச்சுப் போடமாட்டார்கள். வேறு காரணம் தேடுவார்கள், அயலில் யாரோ செய்வினை செய்ததாகவும் ஆகிவிடும். வெட்டு நாட்களில் தாதியோ சமூக உதவியாளரோ வயல் வழியாகப் போய் ஊசி போடுவது கடினமானதல்ல. மோட்டார் சைக்கிளுக்கு எரிபொருள் ஒதுக்கினால் போதும்.

இரண்டு மருந்தை ஒவ்வொன்றும் ஆறு கிழமையாவது சரியான அளவில் கொடுத்தும் கேட்காவிட்டால் குளோசபின் இருக்கிறது. 1988இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வேறு மருந்துக்கு அசையாத நோயாளரில் 100க்கு 30 பேர் இதற்குத் தேறினார்கள். ஒப்பீட்டு மருந்துக்கு 4 பேர். ஆனால் வெண்குருதிக் கலங்கள் விழக்கூடும் என்பதால் பிரித்தானிய முறைப்படி முதல் 18 கிழமையும் கிழமைக்கொரு குருதிப் பரிசோதனை, ஒரு வருடம் வரை இரண்டு கிழமைக்கொன்று, பிறகு மாதத்துக்கொன்று. துணுக்காய், கொக்குத்தொடுவாய் போன்ற தொலைவூர்களில் இருக்கும் ஒரு கூலிக் குடும்பத்துக்கு இது முதல் நாலு மாதத்தில் பதினெட்டு நாட்கூலி. குளோசபின் வன்னியில் பிந்தித் தொடங்கப்படுவதற்கு மருந்தின் விலையைவிட இந்தப் பயணமே காரணம் என்பது எமது கணிப்பு. இரண்டு நாள் தொடர்ந்து தவறினால் பழைய அளவைத் திரும்ப விழுங்கக்கூடாது, 12.5 மி.கி.யிலிருந்து ஏறவேண்டும் என்பதையும் மலச்சிக்கல் உயிரையே எடுக்கும் என்பதையும் கொப்பியின் முதற்பக்கத்தில் சிவப்பில் எழுதிக்கொடுக்கவேண்டும்.

சுகம் வந்தபின் எத்தனை காலம்? ஹொங்கொங்கில், முதல் நோய்க்குப் பிறகு ஒரு வருடமாவது குளிசையோடு நன்றாக இருந்த 178 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு வருடத்துக்கு ஒரு பகுதிக்கு மருந்தைத் தொடர்ந்தார்கள், மறுபகுதிக்குப் பார்வைக்கு ஒத்த வெறுங்குளிசை கொடுத்தார்கள். அந்த ஒரு வருட நிறுத்தத்தின் பலன் பத்தாம் வருடத்திலும் தெரிந்தது: மோசமான நிலையில் இருந்தவர்கள் நிறுத்தியவரில் 100க்கு 39, தொடர்ந்தவரில் 21. குறைக்கவே கூடாது என்று இதற்குப் பொருளல்ல. குறைப்பது வைத்தியரோடு, மாதக்கணக்கில், நித்திரையைக் கவனித்தபடி நடக்கவேண்டும்.

புது மருந்துச் செய்திக்கு வருவோம். 2024 செப்டெம்பர் 26 அன்று அமெரிக்காவில் அனுமதி பெற்ற சனோமெலின்-ட்ரொஸ்பியம் உண்மையிலேயே புது வழியில் வேலைசெய்வது. 1952இல் பாரிஸில் குளோர்புறோமசினோடு தொடங்கிய டோபமின் என்ற மூளை இரசாயனத்தை மறிக்கும் வழியை விட்டு விலகியது. அனுமதிக்கு அடிப்படையான பரிசோதனைகள் ஐந்து கிழமை நடந்தவை. 252 பேர் பங்குகொண்ட ஒன்றில், 30இல் தொடங்கி 210 வரை போகும் அறிகுறி அளவுகோலில் மருந்து எடுத்தவர்களுக்கு 21 புள்ளி இறங்கியது, வெறுங்குளிசை எடுத்தவர்களுக்கும் ஏறத்தாழ 12 இறங்கியது. மருந்தின் பங்கு இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மட்டுமே. நாளுக்கு இரு தடவை வெறுவயிற்றில் எடுக்கவேண்டும், குமட்டல் உண்டு. அதே ஆண்டு நவம்பரில், இதே குடும்பத்து எம்ராக்லிடின் வெறுங்குளிசையை வெல்ல முடியாமல் தோற்றது. அந்தச் செய்தி எமது பத்திரிகைகளில் கண்ணில் படவில்லை. எத்தனை பேர், எத்தனை கிழமை, எதோடு ஒப்பிட்டார்கள் என்ற மூன்றும் இல்லாத மருந்துச் செய்தியைப் போடாமல் விடுவதே நல்லது.

கிட்ட நடந்த ஆய்வுகள் எங்களுக்குக் கூடப் பயன்படும். சென்னையையும் மொன்றியலையும் ஒப்பிட்ட ஆய்வில், ஒரே முறையில் இரண்டு வருடம் சிகிச்சை பெற்ற முதல்நோயாளரில், முடங்கிப்போதல், பேச்சுக் குறைதல் போன்ற அறிகுறிகள் சென்னையில் அதிகம் சீரடைந்தன. குடும்பம் சிகிச்சையில் கூடியிருந்ததும் அங்கேதான். 2014இல் வெளியான மற்றொன்றில், காஞ்சிபுரம் உட்பட இந்தியாவின் மூன்று இடங்களில் 282 பேரை எடுத்து, பயிற்றப்பட்ட ஊர்ப் பணியாளர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பலன் மிதமானது, ஆனால் கிராமப்புறக் காஞ்சிபுரத்தில்தான் கூடுதலாகத் தெரிந்தது.

இங்கு ஆய்வு செய்ய வருபவர்களுக்கும் சில சொல்லவேண்டும். போருக்குப் பிறகு படிவம் நிரப்பிக் களைத்த சனம் இது. உளமாய நோயின் உச்சத்தில் இருப்பவரிடம் வாங்கிய கையெழுத்து சம்மதமாகாது. தெளிந்தபின் திரும்பக் கேட்கவேண்டும். மறுத்தாலும் கிளினிக்கில் அதே மருந்து, அதே முகம் கிடைக்கும் என்று வாயால் சொல்லவேண்டும். பெயர்ப்பட்டியல் சுகாதாரத்துறைக்கு வெளியே யாருக்கும் போகக்கூடாது. மூளைப்படம், மரபணு என்று தொடங்குமுன் மூன்று திகதிகளைச் சேகரியுங்கள்: மாற்றம் தொடங்கியது, முதல் உதவி தேடியது (ஐயரோ வைத்தியரோ), முதல் குளிசை. திகதி கேட்டால் யாருக்கும் நினைவில்லை. "வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னமோ பின்னமோ, மடு ஆவணித் திருவிழாவுக்கு வந்தவரோ, விதைப்பு முடிஞ்சுதோ" என்று கேட்டால் ஓரிரு கிழமைப் பிழைக்குள் வந்துவிடும். கிளினிக் கொப்பியில் மூன்று கோடு போதும். வருடக் கடைசியில், தாமதம் எந்தப் பிரதேசத்தில் கூட, எந்தக் கட்டத்தில் கூட என்று தெரிந்துவிடும்.

அரைப்பத்தியின் வாசகத்தை நாமே எழுதித் தருகிறோம். திருத்திப் போடுங்கள், பரீட்சைக்கு முந்திய மாதங்களில் கட்டாயம் போடுங்கள், குற்றச் செய்திக்குப் பக்கத்தில் போடாதீர்கள்.

"இளம் வயதில் ஒருவர் இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை குழம்பி, படிப்பையோ வேலையையோ விட்டு, பிறர் தனக்குத் தீங்கு செய்வதாகப் பயந்து, இல்லாத குரலோடு கதைத்தால் தாமதிக்காதீர்கள். கோயிலுக்குப் போவதானாலும் வைத்தியசாலைக்கும் போங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவில் பார்க்கலாம், கட்டணமில்லை. தேசிய உளநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926, எந்நேரமும் அழைக்கலாம். நோயாளி வர மறுத்தால் வீட்டார் முதலில் வந்து கதைக்கலாம். கட்டிவைக்காதீர்கள்."

உளநலப் பணியில் உள்ளோர் சிலர்,
கிளிநொச்சி, முல்லைத்தீவு.